இன்று வேண்டாம்: மீன்

மார்ச் 4

தம்பிக்கு,

காலில் மாவுக்கட்டு போட்டாயிற்று. இன்னும் ஒன்றரை மாதம் தரையில் ஊன்றக் கூடாது என்கிறார் டாக்டர். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஓர் ஓட்டலின் சமையலறையை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க ஏறிய ஸ்டூல் சாய்ந்தது என்ற உண்மையை உனக்கு மட்டும் சொல்கிறேன். எட்டிப் பார்த்தது வீணாகவில்லை. அந்த ஓட்டல் இந்த வருஷச் சாப்பாட்டுக் கையேட்டில் இல்லை.

கையேடு ஏப்ரல் நடுவில் அச்சுக்குப் போக வேண்டும். பதினான்காம் பதிப்பு. மலைப்பாதை ஊர்கள் மட்டும் பாக்கி. நீ ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய். முப்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து அடுத்தவர் சொன்னதைப் பிழையில்லாமல் எழுதியவன், நீயே சாப்பிட்டதைப் பிழையில்லாமல் எழுத மாட்டாயா? உன் மனைவியிடம் போனில் கேட்டுவிட்டேன். "தாராளமா எடுத்துக்குங்க அண்ணி, சீக்கிரம் திருப்பி அனுப்பணும்னு அவசியமே இல்ல" என்றாள்.

வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். எந்தக் கடையிலும் யார் என்று சொல்லாதே. கொடுப்பதைச் சாப்பிடு, கேட்பதைக் கொடு, கிளம்பு. நல்ல கடை என்று தோன்றினால் இன்னொரு நாள் போ. அது மாஸ்டர் லீவில் இருக்கும் நாளாக இருக்க வேண்டும். மாஸ்டர் அடுப்படியில் நிற்கும்போது அவர் கை நல்ல கை என்று தெரியும். அவர் இல்லாதபோதுதான் கடை நல்ல கடையா என்று தெரியும். மூன்றாவது தடவை வேறொருவர் போய்ச் சாப்பிட வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், பக்கத்து ஊர்களில் எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

சாப்பிட்ட அன்றே உட்கார்ந்து எழுதித் தபாலில் போடு. போனில் சொல்லாதே. போனில் "நல்லா இருந்துச்சுக்கா" என்று முடித்துவிடுவாய். எழுத உட்கார்ந்தால் எது நல்லா இருந்தது என்று யோசித்தாக வேண்டும். "சூப்பர்", "அமிர்தம்" இரண்டும் வேண்டாம். "அம்மா கைமணம்" என்று எழுதினால் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்புவேன். நம் அம்மா எப்படிச் சமைத்தாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலில் ஆற்றங்கரை ஊர், பிறகு சந்தை ஊர், பிறகு மலையடிவாரம். நடுவில் ரயில் ஜங்ஷன் இருக்கும் ஊரில் பஸ் மாற வேண்டும். அங்கே இறங்கி ஏறினால் போதும். அந்த ஊருக்குக் கையேட்டில் வழக்கமான வரி இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

ஆற்றங்கரை ஊரில் படகு பழுது பார்க்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கடை. பெயர்ப்பலகை கிடையாது, புகைதான் அடையாளம். ஆற்று மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து, கம்பியில் கோத்து, ஈர மரத்தூள் புகையில் காலையிலிருந்து தொங்கவிடுகிறார்கள். மத்தியானம் எடுத்து, வினிகரில் ஊறிய வெங்காயத்தோடு தருகிறார்கள். தோலை உரித்தால் தாள் மாதிரி வருகிறது. உள்ளே சதை மிருதுவாக, ஈரம் போகாமல் இருக்கிறது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சாஸ் இருக்கிறதா என்று கேட்டார். "சாஸ் வேணும்னா மீன் எதுக்கு சார், சாஸையே நக்கிட்டுப் போலாமே" என்றார் கடைக்காரர். கேட்டவர் சாஸ் இல்லாமலே தட்டைக் காலி செய்தார். வெள்ளிக்கிழமை கடைக்காரர் படகில் போய்விடுகிறார், மருமகள் பார்த்துக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமையும் போனேன். மீன் அதே மீன். வெங்காயம் மருமகள் கையில் இன்னும் நன்றாக இருக்கிறது, ஆனால் அதை மாமனார் முன்னால் யாரும் சொல்வதில்லை.

சந்தை ஊரில் எலும்பு சூப். கறிக்கடைக்காரர்களுக்காக விடிவதற்கு முன் திறந்து, வெயில் வந்ததும் மூடிவிடுகிறார்கள். தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார வேண்டும். ஸ்பூன் கேட்டேன். "ஸ்பூன்ல ஆறிடும், உறிஞ்சிக் குடிங்க" என்றார் அந்த அம்மா. மிளகு கடைசியில் விழுகிறது, தொண்டையில் தங்குகிறது. ரொட்டி மிருது. அவர்களே தோய்க்கும் ஆட்டுப்பால் தயிரும் மிருது.

ஒரு விஷயம். நான் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் கேட்பது ஒரே கேள்வி: "ஜங்ஷன்ல பலகைக் கடையில சாப்பிட்டீங்களா?" புகைமீன் கடைக்காரரே கேட்டார். தன் கடையில் கைகழுவிக்கொண்டிருப்பவனிடம் இன்னொரு கடையைச் சொல்லும் ஓட்டல்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஜங்ஷன் ஊருக்கு நீ எழுதியிருப்பது: "பசித்தால் எங்காவது சாப்பிடலாம். தேடிப் போக எதுவும் இல்லை." பழைய பதிப்புகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றிலும் எழுத்துப் பிசகாமல் அதே வரி. நீ அங்கே கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

புகைமீன் கடை உள்ளே வருகிறது. எந்த மரத்தின் தூள் என்று நீ கேட்கவில்லை. கேட்டு எழுது. மருமகளின் வெங்காயத்தை அப்படியே போடுகிறேன். மாமனார் படிக்கட்டும்.

மீன் மிருது, ரொட்டி மிருது, தயிர் மிருது. கையேடு பல் இல்லாதவர்களுக்கா?

ஜங்ஷன் ஊர் வரி சரியாகத்தான் இருக்கிறது. வாழைப்பழம் வாங்கி வைத்துக்கொண்டு பஸ் மாறு.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

வாழைப்பழம் வாங்கினேன். அழுகல். மலையடிவார பஸ்ஸும் டயர் பஞ்சராகி வழியில் நிற்பதாகச் சொன்னார்கள். ஆகவே இந்தக் கடிதத்தை ஜங்ஷன் ஊரிலிருந்து எழுதுகிறேன். கோபத்தைக் கடைசிப் பக்கம் வரை ஒத்திவைத்துப் படி.

இங்கே போன மாதம் பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். பழைய நிலையம் காலி. எதிரே வரிசையாகக் கடைகள், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கிறது. திறந்திருக்கும் ஒன்றின் வாசலில் ஆள் உயரத்துக்குக் கரும்பலகை. மேலே பெயின்டில் "இன்று வேண்டாம்" என்று தலைப்பு. கீழே சாக்பீஸில் நான் பார்த்தபடி:

மீன் – நேற்று வந்தது.
பூசணிக்காய் – முற்றல், நார் இருக்கிறது.
ரொட்டி – இரண்டாம் அடுக்கு அடி கருகிவிட்டது. முதல் அடுக்கு தீரும்வரை கேட்கலாம்.

உள்ளே சர்வரிடம் கேட்டேன்.

"என்னப்பா, எது வேண்டாம்னு நீங்களே எழுதி வெச்சா வியாபாரம் எப்படி ஆகும்?"

"பலகையில இல்லாததைத் தைரியமா கேளுங்க சார். எங்க ஓனருக்குப் பொய் சொல்ல வராது. எங்களுக்கு வந்தாலும் சொல்ல விட மாட்டேங்கிறாரு."

ஆட்டிறைச்சி கேட்டேன். எலும்போடு, அவரைக்கொட்டையும் உலர்ந்த பிளம்ஸ் பழமும் போட்டு, சின்னத் தீயில் வேகவைத்தது. "மிருது" என்று எழுத மாட்டேன். கரண்டி பட்டால் எலும்பை விட்டு வருகிறது, ஆனால் வாயில் மென்றாக வேண்டும். பழத்தின் புளிப்பு முதலில் தெரிவதில்லை, மூன்றாவது வாயில்தான் தெரிகிறது. அவரைக்கொட்டை ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் கடினமாக இல்லை. ரொட்டியின் மேல்தோல் சத்தத்தோடு உடைகிறது. நான் குழம்பை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்து, சர்வர் கேட்காமலே இன்னொரு துண்டு ரொட்டி வைத்தான். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதில் முதலிடம் இதற்குத்தான். உன் கையேட்டில் இருக்கும் எந்தக் கடைக்கும் இது குறைந்ததில்லை.

காசு கொடுக்கக் கல்லாவுக்குப் போனேன். கல்லாவில் மாமா உட்கார்ந்திருந்தார்.

தலை முழுக்க வெளுத்துவிட்டது, மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். மற்றபடி அதே ஆள். சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கும் மீசை இல்லை இப்போது. மீதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீயும் அவரும் பிரிந்தபோதே இங்கே இருந்த உங்கள் கடையை மூடியாயிற்று என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். "கடையும் இல்ல, கதையும் இல்ல" என்று அம்மாவிடம் நீதான் சொன்னாய். ஏன் பிரிந்தீர்கள் என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. அது உன் விஷயம். ஆனால் கையேடு வாங்குகிறவன் விஷயம் வேறு. சாப்பிட்டுப் பார்க்காமலே "எதுவும் இல்லை" என்று எழுதுவது, சாட்சியைக் கூப்பிடாமல் தீர்ப்பு எழுதுவது. கோர்ட்டில் அதற்கு மேல்முறையீடு உண்டு. உன் கையேட்டில் அதுவும் கிடையாது.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

அந்த ஊரைப் பற்றி வருஷா வருஷம் வாசகர்கள் எழுதுகிறார்கள். நான் பதில் போட்டதில்லை. "எனக்குக் கடை இல்லை" என்ற அர்த்தத்தில் அம்மாவிடம் சொன்னேன். கடை மூடிவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

ஒரு தடவை சாப்பிட்டதை வைத்து நான் எதையும் அச்சடிப்பதில்லை. அந்தக் கடைக்கென்று தனிச் சட்டம் கிடையாது, சாதகமாகவும் கிடையாது, பாதகமாகவும் கிடையாது. மலையடிவாரத்தை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், மாஸ்டர் லீவில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போ. யார் என்று காட்டிக்கொள்ளாதே.

பலகையில் இருப்பது யார் கையெழுத்து?

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

மலையடிவாரத்தில் இரண்டு கடைகள். தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். (சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கைப் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் விற்கிறார்கள். நெருப்பும் பெட்ரோலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவே என்று கேட்டேன். "இது வரைக்கும் ஒண்ணும் ஆகல சார்" என்றார்கள். இதைக் கையேட்டில் போடுவதா என்று நீ முடிவு செய்.)

இனி ஜங்ஷன் ஊர். இங்கே மாஸ்டருக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அன்று காய் நறுக்கும் அம்மாள்தான் அடுப்பைப் பார்க்கிறாள். இன்று மத்தியானம் போனேன். அதே மேஜை, அதே ஆட்டிறைச்சி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் எனக்குச் சர்வர் தட்டு கொண்டுவந்தான். இன்று கல்லாவிலிருந்து மாமாவே எழுந்து சமையலறைக்குள் போய், தட்டை அவரே கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் வைத்தேன். உப்பு. கொஞ்சம் தூக்கலான உப்பு இல்லை. கடல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்து மேஜையில் ஒரு பஸ் கண்டக்டர், பணப்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டிலும் அதே ஆட்டிறைச்சிதான்.

"என்ன சார், மூஞ்சி அப்படிப் போகுது?"

"உங்களுக்கு உப்பு சரியா இருக்கா?"

"எனக்கென்ன, தேன் மாதிரி இருக்கு. உங்களுக்கு பிரஷரா? வேணும்னா இதுல ஒரு வாய் எடுத்துப் பாருங்க. நான் இன்னும் கை வைக்காத பக்கம்."

எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் சாப்பிட்ட அதே சாப்பாடு. மாஸ்டர் இல்லாமலும் எள்ளளவும் குறையவில்லை. ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், என் தட்டில் மட்டும் உப்பு. இது சமையலறையில் நடந்த தவறு இல்லை. சமையலறைக்கும் என் மேஜைக்கும் நடுவில் நடந்தது. அந்தத் தூரத்தில் தட்டு ஒருவர் கையில்தான் இருந்தது.

கண்டக்டர் இன்னொன்றும் சொன்னார். "பஸ் ஸ்டாண்டு போனதோட கூட்டம் போச்சு சார். நாங்க டியூட்டி முடிச்சுட்டு இந்த ருசிக்காக நடந்து வர்றோம். வெளியூர்க்காரன் எவன் வருவான்? அவனுக்கு இப்படி ஒரு கடை இருக்கிறதே தெரியாது. மழைக்காலம் வரைக்கும் தாங்கினா பெருசு." நான் எண்ணவில்லை, ஆனால் பாதி நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்த்துத்தான் இருந்தன.

ஆக, மாமாவுக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதும் தெரிந்திருக்கிறது. கையேட்டில் பெயர் வந்தால் கடை பிழைக்கும். அப்படியிருக்க, அதற்காகச் சாப்பிட்டு எழுத வந்தவன் தட்டில் ஒரு கடைக்காரர் ஏன் உப்பைக் கொட்ட வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்குகிறதா?

பலகையில் இருப்பது அவர் கையெழுத்து. தினமும் காலையில் அவரே எழுதுகிறாராம்.

தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். சொல்லாமல் இந்தப் பதிவை உன்னால் எழுத முடியாது.

அந்தக் கடையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். அவருக்குக் கல்லா, எனக்கு வாசல். வருகிறவர்களை உட்காரவைத்து, என்ன சாப்பிடலாம் என்று சொல்வது என் வேலை. ஒரு நாள் ரயில் தாமதமாகி, கூட்டம் மொத்தமாக உள்ளே வந்தது. ஒருவர் மீன் கேட்டார். கூடவே சின்னக் குழந்தைகள். "மீன் வேண்டாங்க, நேத்து மீன்" என்றேன். கல்லாவிலிருந்து இவர், "காலையில வந்த மீன்" என்றார். நான், "இல்ல, நேத்து" என்றேன். "காலையில வந்தது!" என்று கத்தினார். கடை முழுக்கக் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. அந்த ஆள் எழுந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவரைப் பார்த்துப் பாதிப் பேர் போனார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, "கடைக்காரி வாயில வரக்கூடாத வார்த்தை அது" என்றார். "நீ என் பக்கமா, அவன் பக்கமா?" என்றார். "நான் சாப்பிட வந்தவன் பக்கம்" என்றேன். அதெல்லாம் சண்டையில் வருகிற பேச்சுதான், நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். கடைசியில் கேட்டேன்: "நம்ம ரெண்டு பேருக்கு நடுவுலயாவது சொல்லுங்க. அது எப்ப வந்த மீன்?" என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், "காலையில வந்தது."

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மீனுக்காகவா என்று கேட்பாய். மீனுக்காக இல்லை. யாரும் இல்லாத இடத்தில், என்னிடமும் அதையே சொன்னதற்காக.

முதல் பதிப்பில் அந்த ஊருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதன் பிறகு எழுதிய வரி உனக்குத் தெரியும். மற்ற ஊர்களைப் பற்றி எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நான் சாப்பிட்டுச் சாட்சி சொல்வேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் முடியாது. அதை ஒவ்வொரு வருஷமும் பிழைதிருத்தும்போது வேகமாகத் தாண்டிவிடுவேன்.

இப்போது நீ உப்பைக் கொண்டுவருகிறாய். அவர் என்ன நினைத்துக் கொட்டினார் என்று எனக்கும் தெரியவில்லை. என் மேல் கோபமென்றால் நேரே சொல்லலாம், உன் நாக்கில் காட்ட வேண்டியதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் போ. ஒளிந்து விளையாடியது போதும். நான் கேட்கச் சொன்னதாகவே கேள். சாப்பிட்டும் பார். இந்தத் தடவை தட்டை நீயே போய் வாங்கிக்கொள்.

அக்கா

மார்ச் 31

அன்புள்ள அக்கா,

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு போனேன். மாமா வாசலில் நின்று ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"வாங்க மாப்ள. இன்னைக்கு உப்பு சரியா இருக்கும்."

"எப்ப மாமா கண்டுபிடிச்சீங்க?"

"முதல் நாளே. மீசையை எடுத்துட்டா ஆச்சா? ரொட்டியைக் கிழிச்சு, மோந்து பாத்துட்டு வாயில வெச்சீங்க. உங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான். உங்கப்பா எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்ப, எங்கம்மா குடுத்த பிஸ்கட்டை மோந்து பாத்தாரு. எங்கம்மா சாகுற வரைக்கும் அதை மறக்கல."

சமையலறைக்குள் நானே போய்த் தட்டை வாங்கிவந்தேன். காய் நறுக்கும் அம்மாள், "போன வாரம் உங்க தட்டு திரும்பி வந்ததைப் பாத்தேன், பாதியில வெச்சுட்டுப் போயிட்டீங்க. என் சமையல்ல என்ன குத்தம்?" என்று மல்லுக்கு நின்றாள். குற்றம் உங்களுடையது இல்லை என்றேன். அவள் திரும்பி மாமாவைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. சாப்பாடு முதல் நாள் இருந்தபடியே இருந்தது. மாஸ்டர் இல்லாத நாள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்.

மாமா எதிரே வந்து உட்கார்ந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா கேக்கச் சொன்னாங்க. என் தட்டுல ஏன் உப்பு போட்டீங்க?"

கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கையேடு வருஷா வருஷம் நானும் வாங்குறேன் மாப்ள. முதல்ல இந்த ஊரைத்தான் பாப்பேன். 'தேடிப் போக எதுவும் இல்லை.' உங்க அக்காவுக்குச் சாப்பாட்டு விஷயத்துல பொய் வராது. அது எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்? அந்த ஒரு வரியை எப்படித்தான் எழுதறாளோன்னு நெனைச்சுப்பேன். நீங்க ரெண்டாவது தடவையும் வந்து உக்காந்ததைப் பாத்ததும், எழுதத்தான் வந்திருக்கீங்கன்னு புரிஞ்சுபோச்சு. நல்லா இருக்குன்னு நீங்க எழுதினா, அவ இத்தனை வருஷமா எழுதினது பொய்னு அவளே ஒத்துக்கணும். சாப்பாடு மோசமா இருந்துட்டா அந்த வரி உண்மையாயிடும். அவ்வளவுதான்."

"கடை போயிடுமே மாமா."

"கடை என்ன, மழைக்காலம் வரைக்கும் ஓடும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அதுக்காக என் தட்டுல கை நிறைய உப்பா?"

"மூணு விரல் அளவுதான் போட்டேன்."

"மாமா."

"சரி, கை நிறையத்தான்."

பலகையைப் பற்றியும் கேட்டேன், எப்போது வைத்தீர்கள், எதற்கு என்று. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்: "வாசல்ல நின்னு சொல்ல ஆள் இல்ல. அதான் பலகை."

இரண்டு தடவை சாப்பிட்டது கணக்கில் இருக்கிறது, ஒன்று மாஸ்டர் உள்ள நாள், ஒன்று இல்லாத நாள். உப்புச் சாப்பாட்டை எந்தக் கணக்கில் வைப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். நான் இங்கேயே லாட்ஜில் இருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

என் பொய்யை உண்மையாக்கும் வேலையை அந்த மனுஷனுக்கு யார் கொடுத்தது? நான் எழுதிய வரியைச் சுமக்க எனக்குத் தெரியாதா? உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டுக் காலோடு எழுந்து நின்றுவிட்டேன். டாக்டரிடம் சொல்லாதே.

உப்புச் சாப்பாடு கணக்கில் இல்லை. அது சாப்பாடே இல்லை, சாட்சியைக் கலைத்த வேலை. உனக்குத் தெரியாததா?

பாவம் பார்த்தோ, பழையதை நினைத்தோ யாருக்கும் இந்தக் கையேட்டில் இடம் கொடுத்ததில்லை. கொடுக்கவும் மாட்டேன். அவரைக்கொட்டை ஒன்றும் உடையவில்லை, மூன்றாவது வாயில் புளிப்பு தெரிந்தது, மாஸ்டர் இல்லாத நாளிலும் அப்படியே இருந்தது என்று நீ எழுதியதால் இடம் கொடுக்கிறேன். மூன்றாவது தடவை சாப்பிட வேண்டிய ஆள் நான். கட்டுப் பிரித்ததும் வருவேன். அதற்குள் அச்சுக்கு நேரமாகிவிடும் என்பதால் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஜங்ஷன் ஊர். பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே, பலகைக் கடை. புதிய நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டும். நடக்கலாம். அவரைக்கொட்டையும் பிளம்ஸ் பழமும் போட்ட ஆட்டிறைச்சி, முதல் அடுக்கு ரொட்டி, இரண்டுக்காகவும் பஸ்ஸைத் தவறவிடலாம். வாசலில் அன்றைக்கு எதைச் சாப்பிட வேண்டாம் என்று எழுதியிருக்கும். நம்பலாம். ஒரு காலத்தில் இதே கடையில் நேற்றைய மீனைக் காலையில் வந்த மீன் என்று சொன்னதுண்டு. இப்போது சொல்வதில்லை. உப்பு அளவாக இருக்கும். உரிமையாளருக்குத் தெரிந்தவர்கள் தட்டைத் தாங்களே போய் வாங்கிக்கொள்வது நல்லது. முந்தைய பதிப்புகளில் இந்த ஊரைப் பற்றி வந்த வரி சாப்பிட்டுப் பார்க்காமல் எழுதியது. இந்தக் கடையில் மூன்றாவது சாப்பாடு இன்னும் பாக்கி."

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் இதை அவரிடம் படித்துக் காட்டு. வேறு எந்தக் கடைக்காரரிடமும் நான் இப்படிச் செய்ததில்லை. புகழ்ச்சி போதவில்லை என்று சொன்னால் காதில் வாங்காதே. தகவலில் பிழை இருந்தால் மட்டும் சொல்லட்டும்.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

இன்று காலை, அடுப்பு பற்றவைத்த நேரத்தில் படித்துக் காட்டினேன். மாஸ்டர், சர்வர், காய் நறுக்கும் அம்மாள் மூன்று பேரும் வந்து நின்றார்கள். மீன் பற்றிய வரி வந்தபோது மூன்று பேரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு வரிக்குச் சர்வர் சிரித்தான், அம்மாள் சிரிக்கவில்லை. முடித்ததும் மாஸ்டர், "ரொட்டியைப் பத்தி இன்னும் ரெண்டு வார்த்தை போடச் சொல்லுங்க சார்" என்றார். நீ சொன்னபடி காதில் வாங்கவில்லை.

மாமா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "பாக்கி எப்பத் தீருமாம்?" என்றார். கட்டுப் பிரித்ததும் வருவாய் என்றேன். தலையாட்டினார்.

தகவலில் பிழை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றே ஒன்று இருக்கிறதாம். அச்சுக்குப் போவதற்குள் திருத்திவிடச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"நேத்து மீன்னு போட்டிருக்கா. நேத்து இல்ல மாப்ள. அது முந்தாநாள் மீன்."

தம்பி